'இதர' என்கிற பெரிய செலவு

உங்கள் சம்பளம் எவ்வளவு என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவதையும் ரூபாய் சுத்தமாகச் சொல்வீர்கள். சரி, போன மாதம் காய்கறிக்கு எவ்வளவு ஆச்சு? இதோ, மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். விட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்காது ஸார்.

நீங்கள் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். வரவு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே வழியாக, மேளதாளத்தோடு வருகிறது. செலவோ பத்தும் இருபதுமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்விடுகிறது. எங்கள் அப்பா எல்.ஐ.சி. டைரியில் தினமும் ராத்திரி கணக்கு எழுதுவார். பால், வெற்றிலை, சைக்கிள் பஞ்சர் என்று வரிசையாக இருக்கும். ஒண்ணே கால் ரூபாய் உதைத்தால் வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார். அந்த விசாரணைக்குப் பயந்தே நாங்கள் அநாவசியமாகச் செலவழிக்க மாட்டோம். இப்போது டைரியும் இல்லை, விசாரணையும் இல்லை. அதற்குப் பதில் மொபைலில் ஏகப்பட்ட 'ஆப்' வந்திருக்கின்றன. வங்கிக் கணக்கைக் காட்டினால் போதும், நீங்கள் என்னென்ன செலவு செய்தீர்கள் என்று தானாகவே பிரித்து, கலர் கலராக வட்டம் போட்டுக் காட்டிவிடும். வேலை மிச்சம். பட்ஜெட் போட்டுக் கொடுக்கும். தாண்டினால் மணியடிக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் மகனும் அவன் மனைவியும் அப்படி ஒன்றைப் போட்டிருந்தார்கள். மேடவாக்கம் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், இரண்டு பேரும் சாஃப்ட்வேர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தை. இரண்டு பேருக்குமாகக் கைக்கு வருவது மாதம் 1,42,000 ரூபாய். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் ஃபீஸ் கட்டக் கையில் பணமில்லாமல், மொபைலிலேயே ஒரு லட்சம் பர்சனல் லோன் எடுத்திருந்தான். வருஷத்துக்கு 24 சதவிகித வட்டி, பன்னிரண்டு தவணை. வீட்டுக் கடன் 46,000, கார் 14,500, இதோடு சேர்ந்து இந்தப் புதுக்கடன் 9,456.

ஒன்றரை லட்சம் கிட்டத்தட்ட வருகிற வீட்டில் ஒன்றாம் வகுப்பு ஃபீஸுக்குக் கடன் என்றால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சித்தப்பா, எவ்வளவு வருதுன்னு தெரியுது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

"அதுக்குத்தான் ஒரு ஆப் போட்டிருக்கோம் மாமா," என்றாள் அந்தப் பெண். "அதுவும் தெரியலன்னுதான் சொல்லுது."

வாங்கிப் பார்த்தேன். தவணைகள் போக மிச்சம் 72,000 சொச்சம். அதை ஆப் அழகாக வட்டமாக வெட்டியிருந்தது. பெட்ரோல் ஒரு சின்னக் கீற்று. மின்சாரம் ஒரு கீற்று. வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு கொஞ்சம் பெரிய துண்டு, சிவப்பு நிறத்தில். மீதி, அதாவது வட்டத்தில் பாதிக்கு மேல், சாம்பல் கலரில் ஒரே துண்டு. அதன் மேல் 'இதர' என்று போட்டு 58 சதவிகிதம் என்றிருந்தது. ரூபாயில் 41,760.

இதைச் சொல்வதற்கு ஒரு ஆப் எதற்கு? நானே சொல்லியிருப்பேனே!

ஆனால் அந்த ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது பிறந்த ஊர் வழக்கத்தைத்தான் அது பின்பற்றுகிறது. இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பூர்வீகம் அமெரிக்கா. 1983-ல் ஸ்காட் குக் என்பவர் 'இன்ட்யூட்' கம்பெனியை ஆரம்பித்து 'குவிக்கன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தார். பில் கட்டுகிற வேலை ஒரே இம்சையாக இருக்கிறது என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டதுதான் அதற்கு விதை என்பார்கள். குவிக்கனில் நாமே உட்கார்ந்து பதிய வேண்டும். யாருக்குப் பொறுமை? 2007-ல் ஆரோன் பாட்ஸர் என்கிற இளைஞர் 'மின்ட்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். வங்கி, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் இணைத்துவிட்டால் அதுவே செலவுகளை இனம் பிரித்துவிடும். இலவசம் வேறு. கூட்டம் அள்ளியது. இரண்டே வருஷத்தில் இன்ட்யூட் அதை 17 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. (2024-ல் அதை மூடியும்விட்டது. பல வருஷக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மின்ட் எப்படிச் சுலபமாக இனம் பிரித்தது? அங்கே டீ குடித்தாலும் கார்டு. கார்டு வாங்குகிற ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்கத்தில் ஒரு தொழில் எண் உண்டு. 5411 என்றால் மளிகை. 5812 என்றால் ஓட்டல். எண்ணைப் பார்த்தால் என்ன செலவு என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

நம் ஊரில் கதை வேறு. கீரைக்கார அம்மாவின் கூடையில் ஒரு க்யூ.ஆர். அட்டை சொருகியிருக்கிறது. அது பெரும்பாலும் அவருடைய சொந்த சேமிப்புக் கணக்கு, அல்லது மகனுடையது. நீங்கள் இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கி 40 ரூபாய் அனுப்பினால், வங்கியைப் பொறுத்தவரை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அது கீரையா, கைமாற்றா, கல்யாண மொய்யா என்று மொபைலுக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் அள்ளி 'இதர' மூட்டையில் கட்டிவிடுகிறது. யாருக்கு, எவ்வளவு என்பது வரைக்கும்தான் மெஷினால் முடியும். எதுக்கு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையை அவிழ்ப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு பேரும் அவரவர் வங்கி இணையதளத்திலிருந்து போன மாத ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல் வடிவத்தில் இறக்கினார்கள். இரண்டையும் ஒரே கூகுள் ஷீட்டில் ஒட்டி, பக்கத்தில் 'எதுக்கு?' என்று காலியாக ஒரு பத்தி சேர்த்தோம். மொத்தம் 312 வரிகள். ஒரு மாதத்தில் முப்பது நாள். நாளைக்குப் பத்துத் தடவை பணம் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறது!

அப்புறம் நடந்தது எஸ்.எஸ்.எல்.சி. ஹாலில் ரோல் கால் எடுப்பது மாதிரி. நான் பெயரைப் படிப்பேன், அவர்கள் யாரென்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக இஸ்திரி போட்டுத் தருகிறவரின் பெயர் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மாவு விற்கிறவர், தண்ணீர் கேன், பள்ளிக்கூட வேன், தையல்காரர் என்று ஒவ்வொருவராக மூட்டையிலிருந்து இறங்கி நின்றார்கள். ஒரு பெண் பெயர் வந்தது. அவன் கணக்கில் மாதத்தில் பதினெட்டுத் தடவை.

"யாருங்க இது?" என்றாள். குரலில் லேசான மாற்றம்.

அவன் தலையைச் சொறிந்தான். நிஜமாகவே ஞாபகமில்லை. தொகைகளைப் பார்த்தோம். 30, 45, 30, 60. ஆபீஸ் வாசல் டீக்கடை! கடைக்காரரின் மருமகள் பெயரில் கணக்கு. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கணக்கிலும் ஒரு பெயர் வந்தது. 2,500 ரூபாய், ஒரே ஒரு தடவை, ஐந்தாம் தேதி. அவள் உடனே பதில் சொல்லவில்லை.

"எங்க ஊர்ல எதிர்வீட்டு அண்ணா. அவருக்கு அனுப்பிச்சா அம்மாகிட்ட குடுத்துடுவார். அம்மாவுக்கு போன்ல பணம் எடுக்கல்லாம் தெரியாது. மருந்துக்கு."

"எத்தனை மாசமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இந்த மாதிரி இடத்தில் பெரியவர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுதான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். போனேன். அது எனக்குக் காக்காய்க்கும் அண்டங்காக்காய்க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தது. அரைமணி கழித்து இறங்கி வந்தபோது ஷீட்டில் அந்த வரிக்கு எதிரே 'அத்தை மருந்து' என்று அவன் டைப் செய்திருந்தான். அடுத்த மாத பட்ஜெட் பத்தியில் 3,000 என்று போட்டிருந்தது. இதை எந்த ஆப்பும் செய்திருக்காது என்பது என் அபிப்பிராயம். வட்டத்தில் அது சாம்பல் கலரில் ஒரு மெல்லிய கோடாகக்கூடத் தெரிந்திருக்காது.

சாயந்திரம் மூட்டை ஏறக்குறையக் காலி. 41,760-ல் பதின்மூவாயிரத்துச் சொச்சம் காய், பால், மளிகை. நியாயமான செலவு. வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு 4,000. வேன், டியூஷன். டீயும் பஜ்ஜியும் இரண்டு பேருக்குமாக 5,300; கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஆபீஸில் டீக்கு வெளியே போவது டீக்காக மட்டுமில்லை என்பது ஆபீஸ் போகிறவர்களுக்குத் தெரியும். நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டுப் பங்கு பிரித்து அனுப்பியது 4,200. கடைசி வரை இரண்டு பேருக்கும் எதுக்கென்றே ஞாபகம் வராதது 4,160 ரூபாய்.

ஒரு விஷயம் கவனித்தேன். வட்டத்தில் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்த ஓட்டல் டெலிவரிச் செலவுக்காக இரண்டு பேரும் மூன்று மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது 9,700. பெயர் தெரிந்த குற்றவாளி என்பதால் தினமும் அதற்குத்தான் உதை. அதைப்போல நாலு மடங்கு இருந்த 'இதர'வைப் பற்றி ஒரு நாளும் பேச்சே வரவில்லை. பெயரில்லாததை எப்படித் திட்டுவது?

சரி, சின்னச் செலவு ஏன் நினைவில் நிற்பதில்லை? ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று வல்லாரை மாத்திரை வாங்காதீர்கள். அமெரிக்காவில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்று இரண்டு பேராசிரியர்கள் எம்.ஐ.டி.யில் ஒரு பரிசோதனை செய்து 2001-ல் வெளியிட்டார்கள். எம்.பி.ஏ. மாணவர்களுக்கு பாஸ்டன் அணியின் கூடைப்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் ஏலம். ஒரு பாதிப் பேர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், மறு பாதிப் பேர் கிரெடிட் கார்டில். அதே ஆட்டம், அதே டிக்கெட். கார்டு கோஷ்டி கேட்ட சராசரி விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு! பணம் கைவிட்டுப் போகும்போது மனசில் ஒரு சின்ன வலி வரும். பர்ஸைத் திறந்து, ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து, ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுக்கிற வலி. கார்டில் அது மரத்துப் போகிறது. யு.பி.ஐ. அதையும் தாண்டிவிட்டது.

யு.பி.ஐ.யைக் குறை சொல்லவில்லை. 2016 ஏப்ரலில் ஆரம்பித்து, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இளநீர்க்காரருக்குச் சில்லறை தேட வேண்டாம், பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நல்ல விஷயம். ஆனால் வலி தெரியாத வைத்தியத்தில் ஒரு ஆபத்து, எந்தப் பல்லைப் பிடுங்கினார்கள் என்றே தெரியாமல் போவது. 2022-ல் 'யு.பி.ஐ. லைட்' வந்தது. மொபைலில் முன்கூட்டியே கொஞ்சம் பணத்தை ஏற்றி வைத்துவிட்டால், சின்னத் தொகைகளுக்கு ரகசிய எண்ணைக்கூட அழுத்த வேண்டியதில்லை. முக்கியமான சமாச்சாரம், அந்தச் சின்னச் செலவுகள் வங்கி பாஸ்புக்கில் ஒவ்வொன்றாக வராது. ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக வரும். பாஸ்புக் அடைசலாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. என் அண்ணன் மகன் மாதத்தில் ஏழு தடவை 500 ஏற்றியிருந்தான். அந்த 3,500 ரூபாய் எங்கே போயிற்று என்பதை வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு பிரம்மதேவனே வந்தாலும் சொல்ல முடியாது. அந்த யு.பி.ஐ. ஆப்பின் உள்ளே போய் வரலாற்றைத் தோண்டித்தான் எடுத்தோம். நீங்களும் லைட் வைத்திருந்தால் கணக்குப் பார்க்கிற நாளில் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இவ்வளவு வேலையையும் அந்த ஆப் நமக்கு ஏன் இலவசமாகச் செய்கிறது?

மின்ட் விஷயத்தில் இதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. "உங்களுக்கு இந்தக் கார்டு லாபம், இந்தக் கடன் லாபம்" என்று சிபாரிசு செய்து, நீங்கள் வாங்கினால் அந்தக் கம்பெனியிடமிருந்து கமிஷன். நம் நாட்டில் 'வால்நட்' என்ற ஆப் எஸ்.எம்.எஸ்.களைப் படித்துச் செலவுக் கணக்குப் போட்டுக்கொடுத்து நன்றாகப் பிரபலமாயிற்று. 2018-ல் அதை வாங்கியது 'கேபிடல் ஃப்ளோட்' என்கிற கடன் கொடுக்கும் கம்பெனி. சட்டப்படி இதில் ஒரு தப்புமில்லை. யாருக்கு எப்போது பணமுடை வருகிறது என்று தெரிந்த கணக்குப்பிள்ளைக்குக் கடன்காரர்களிடம் நல்ல மதிப்பு இருக்கத்தானே செய்யும்?

இவர்கள் வைத்திருந்த ஆப் வேறு ஒன்று. பெயர் வேண்டாம். மாதம் 23-ம் தேதி, கணக்கில் 1,180 ரூபாய் இருந்த ராத்திரியில், "வாழ்த்துகள்! உங்களுக்கு 3 லட்சம் ரூபாய் தயார், இரண்டே நிமிஷத்தில்" என்று அதிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட ஆப். பசியோடிருக்கிற நேரம் பார்த்து வாசலில் பிரியாணி அண்டாவைத் திறக்கிற மாதிரி. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியும் நோட்டில் எங்கள் கணக்கை எழுதியவர்தான். நாங்கள் முடையில் இருக்கிறோம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் மாசக் கடைசியில் வீடு தேடி வந்து "இன்னும் ரெண்டு மூட்டை அரிசி கடனா எடுத்துக்கோங்க" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அதற்காக எல்லா ஆப்பையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறது. அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்கிற ஏற்பாடு. 2016-ல் விதிகள் போட்டு, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வங்கியின் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. எந்தத் தகவல், எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று அனுமதிச் சீட்டு மாதிரி ஒன்றில் நீங்கள் சம்மதம் தந்தால், வங்கியிலிருந்து அது மட்டும் பூட்டிய உறையில் போகும். நடுவில் கொண்டுபோகிற அக்ரிகேட்டரால் உறையைப் பிரித்துப் படிக்க முடியாது. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். பிரமாதம். ஆனால் உறையை வாங்கிக்கொள்கிற கம்பெனி படிக்கும். அதற்குத்தானே கேட்டது? அதனால் அந்தச் சீட்டில் தேதியைப் பாருங்கள். 'எதற்காக' என்ற இடத்தில் செலவுக் கணக்கு என்று போட்டிருக்கிறதா, கடன் தகுதி பார்ப்பதற்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரியா, சரியா என்று கேட்டால் கல்யாண வீட்டில் பாயசத்துக்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே போகாதீர்கள். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கிற ஆப் என்றால் என் பதில், வேண்டாம். உங்கள் ஓ.டி.பி.யும் அங்கேதான் வருகிறது.

அவர்கள் அந்த ஆப்பை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் கொடுத்திருந்த சம்மதத்தை ரத்து செய்தார்கள். சும்மா ஐகானை அழுத்திப் பிடித்து நீக்கினால் சம்மதம் அப்படியே உயிரோடு இருக்கும். வாடகைக்காரர் காலி செய்யும்போது சாவியை வாங்கிக்கொள்ள வேண்டாமா?

அதற்கப்புறம் செய்ததெல்லாம் ரொம்ப சாதாரணம். ஏற்கெனவே இருந்த ஒரு பழைய கணக்கைத் தூசிதட்டி 'செலவு அக்கவுன்ட்' ஆக்கினார்கள். இரண்டு பேருடைய மொபைலிலும் யு.பி.ஐ.யை அதோடு மட்டும் இணைத்து, சம்பளக் கணக்குகளிலிருந்து பிரித்துவிட்டார்கள். தவணைகள், வேன், அபார்ட்மென்ட் பராமரிப்பு எல்லாம் சம்பளக் கணக்கிலேயே கழியும். செலவு அக்கவுன்ட்டுக்குத் திங்கட்கிழமை தோறும் 10,000. சனிக்கிழமை ராத்திரி அதில் 340 ரூபாய் இருந்தால், பிரியாணி வரவழைப்பதா, ரசம் வைப்பதா என்கிற கேள்விக்கு ஆப் மணியடித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இது என் கண்டுபிடிப்பில்லை. நம் பாட்டிமார்கள் கடுகு டப்பாவில் பால் பணம், மிளகாய் டப்பாவில் தீபாவளிப் பணம் என்று வைத்ததுதான். ஒரே ரூபாய்க்கு டப்பா மாறினால் மனசில் மதிப்பும் மாறிவிடுகிறது என்கிற இந்த 'மனக்கணக்கு' ஆராய்ச்சிக்காகப் பெயர்பெற்ற ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். பாட்டிக்கு யாரும் கொடுக்கவில்லை. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனை வீடுகளில் கணவனுக்குத் தெரியாத டப்பாக்கள் திறந்து மேஜைக்கு வந்தன என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது தொகைக்குப் பக்கத்திலோ கீழேயோ குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அங்கே ஒரு வார்த்தை. கீரை. டீ. வேன். இரண்டு விநாடி. குறிப்பு எழுதாமல் அனுப்புவதில்லை என்று இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அந்த வார்த்தை பல வங்கிகளில் ஸ்டேட்மென்ட்டிலும் வந்துவிடுகிறது. மாசக் கடைசியில் ஷீட்டில் ஒட்டினால் எதுக்கு என்பது ஏற்கெனவே பாதி எழுதியிருக்கிறது. அதைவிட, அந்த இரண்டு விநாடியில் அப்பாவின் டைரி வேலை கொஞ்சம் நடந்துவிடுகிறது. மூன்றாம் தடவை 'பஜ்ஜி' என்று டைப் செய்யும்போது கை ஒரு நொடி நிற்கும். "ஒரு தடவை எழுத என்ன எழுதறதுன்னு தெரியாம வாங்காமயே வந்துட்டேன் மாமா," என்றாள் அந்தப் பெண். என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டோபேயையும் பாருங்கள். யு.பி.ஐ. ஆப்பில் அதற்கென்று ஒரு பக்கமே இருக்கிறது. இவர்கள் பார்த்தபோது குழந்தைக்கு ஏழு நாள் இலவசம் என்று போட்ட கணிதப் பாடம், எப்போதோ விட்டுவிட்ட யோகா வகுப்பு, ஒரே சினிமாவுக்காகச் சேர்ந்த ஓ.டி.டி. என்று மூன்று, மாதம் 1,900 ரூபாய்க்கு நிழல் மாதிரி உட்கார்ந்திருந்தன. கழிப்பதற்கு முன்னால் தகவல் வரும். வருகிற நூறு செய்திகளில் அதுவும் ஒன்று, யார் படிக்கிறார்கள்?

இலக்கு என்று ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் ஃபீஸ் 96,000. மாதம் 8,000 எடுத்து வைத்தால் கடன் வேண்டாம். அந்த எட்டாயிரம் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருந்தது. ஆட்டோபே மூன்று, டெலிவரியில் கொஞ்சம், நண்பர்கள் பங்கில் கொஞ்சம், பெயர் தெரியாமல் போன நாலாயிரத்தில் பாதி. டீயில் கைவைக்கவில்லை. கைவைக்கக் கூடாது என்பதில் நானும் கண்டிப்பாக இருந்தேன். டீயை வெட்டுகிற பட்ஜெட் பத்து நாள்கூட நிற்காது.

நாலு மாதமாக நடக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது மாதம் ஒரு கல்யாணம் வந்து மொய், புடவை, ரயில் என்று எல்லாப் பத்தியையும் கலைத்துப் போட்டது. அந்த மாதம் ஃபீஸுக்கு 3,000 தான் ஒதுக்க முடிந்தது. 'இதர' 58-லிருந்து 9 சதவிகிதத்துக்கு வந்திருக்கிறது. பழைய கடனுக்கு இன்னும் தவணைகள் பாக்கி. பன்னிரண்டும் கட்டி முடிக்கும்போது ஒரு லட்சத்துக்கு 1,13,472 கட்டியிருப்பார்கள். அந்த எண்ணையும் ஷீட்டின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறான், மறக்கக் கூடாதாம்.

இப்போது புதுத் தகராறு ஒன்று ஆரம்பமாகியிருக்கிறது. அவள் நகைக்கடையில் மாதம் 5,000 வீதம் பதினோரு மாதச் சீட்டுக் கட்டுகிறாள். அதை ஷீட்டில் 'சேமிப்பு' என்று போட்டிருந்தாள். அவன் அதை 'செலவு' பத்திக்கு நகர்த்திவிட்டான். "தங்கம் செலவாங்க?" என்கிறாள். "அதை வித்து ஒரு நாளாவது ஃபீஸ் கட்டப் போறியா? அப்ப செலவுதான்" என்கிறான். அவளும் திருப்பிச் சேமிப்பில் போட, அவனும் எடுக்க, கூகுள் ஷீட்டில் யார் எப்போது மாற்றினார்கள் என்கிற வரலாறு வேறு பதிவாகித் தொலைக்கிறது. தீர்ப்புச் சொல்ல எனக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதுதான் வினை. உள்ளேயிருந்து என் மனைவி, "நகையைச் செலவுன்னு சொல்றவனுக்கு ராத்திரி சாப்பாடு கிடையாதுன்னு சொல்லுங்க" என்றாள்.

தற்காலிகமாக அந்த ஐயாயிரத்தை 'இதர'வில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.